உரசிப் பார்த்தால்தான் தெரியும்



கோவில்பட்டியில் பேசுகிறேன், தீக்குச்சியிலிருந்தே தொடங்குகிறேன். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் மருந்து. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் தனித்தனியே சும்மா கிடக்கும், உரசினால்தான் தீ. தீப்பெட்டி ஆபீசில் நின்று வளர்ந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புரதங்களும் அப்படித்தான். நம் உடம்பில் புரதம் செய்ய ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. தனித்து நின்று வேலை முடிக்கும் புரதங்கள் குறைவு. எது எதோடு ஒட்டும்? மரபணுவுக்கு ஒரு புரதம் என்று கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 20 கோடி சோடி வரும்.

1989-இல் ஸ்டான்லி பீல்ட்ஸ், ஓக்-கியூ சாங் என்ற இரு விஞ்ஞானிகள் ஈஸ்ட்டுக்குள் ஒரு தீப்பெட்டி செய்தார்கள். ஈஸ்ட்டில் கேல்4 என்றொரு புரதம் உண்டு. அதன் ஒரு பாகம் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், மறு பாகம் மரபணுவை முடுக்கும். இரண்டையும் பிரித்து, ஒன்றோடு ஒரு புரதத்தையும் மற்றதோடு இன்னொரு புரதத்தையும் கோத்துவிட்டார்கள். அந்தப் புரதங்கள் ஒட்டினால் பாகங்கள் இரண்டும் பக்கத்தில் வரும், மரபணு விழிக்கும். இன்றைய ஆய்வகங்களில் ஹிஸ்டிடின் என்ற சத்தை அந்த மரபணுவே செய்துகொடுக்கும்படி அமைத்து, அந்தச் சத்து இல்லாத தட்டில் இந்த ஈஸ்ட்டை வைக்கிறார்கள். ஒட்டிய சோடியைச் சுமந்த ஈஸ்ட்டு மட்டும் பிழைத்து, இட்லி மாவைத் தொட்டு வைத்தாற்போல வெண்புள்ளியாகத் திரளும். மற்ற இடமெல்லாம் வெறுந்தட்டு.

பாஸ்டனில் ஆய்வாளர் மார்க் விடாலும் பல நாட்டுக் கூட்டாளிகளும் இதே முறையில் சுமார் 17,500 மனிதப் புரதங்களை ஒன்றோடொன்று, ஒன்பது சுற்று, சோதித்தார்கள். 2020-இல் வெளியான அவர்களின் வரைபடத்தில் ஏறத்தாழ 53,000 இணைப்புகள்.

ஏன் ஒன்பது சுற்று? ஐப்பசி மழையில் நமுத்துப்போன குச்சி பற்றாது. அதனால் குச்சியில் மருந்தே இல்லை என்று யாராவது சொல்வோமா? ஒரு சுற்றில் தவறியது அடுத்ததில் பற்றலாம். மனிதப் புரதம் ஈஸ்ட்டுக்குள் சரியாக மடியாமலும் போகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: தட்டில் ஒட்டுகிற இரண்டு, உடம்பில் ஒன்று மூளையிலும் மற்றது ஈரலிலும் இருந்து ஒருநாளும் சந்திக்காமலே போகலாம். ஆகவே புள்ளியைக் கண்டதும் நம்பிவிடுவதில்லை. வேறு முறையிலும் சோதிக்கிறார்கள்.

இந்த வரைபடத்துக்கு முன்பே நம் பெங்களூரில் நடந்த ஒரு வேலை என்னை உலுக்குகிறது. அங்குள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அகிலேஷ் பாண்டேயும் சேர்ந்து 2003-இல் மனிதப் புரதத் தகவல் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார்கள். முதல் கட்டத்தில் 2,750 புரதங்கள். அதற்காக உயிரியலாளர்கள் படித்த கட்டுரைகள் 3 லட்சத்துக்கும் மேல். கணினி அள்ளிப் போட்டதல்ல. கண்ணால் படித்து, பொருள் விளங்கி, எழுதிச் சேர்த்தது. கடலையில் கல் பொறுக்கும் கைகளை நான் அங்கே காண்கிறேன்.

இந்த ஒட்டுதல் ஏன் முக்கியம்? ஒட்டக்கூடாதது ஒட்டினால் நோய்தான். அரிவாள் அணுச் சோகையின் மரபுக்கூறு 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடமும் கண்டறியப்பட்டது. அந்நோயில், ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது. அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகித் திரள, சிவப்பணு அரிவாளாக வளைகிறது.

மீண்டும் அந்த 2020 வரைபடத்துக்கு வருகிறேன்: அதில் இணைப்புக் கோடு கிடைத்த புரதங்கள் 8,275. சோதித்தவற்றில் பாதிக்கு மேல் இன்னும் அதில் ஒரு கோடுகூட இல்லாமல் நிற்கின்றன.