தனி டம்ளர்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'சமூக ஏற்றத்தாழ்வு' பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. அதை நம் சமையலறை அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன்.

உத்தியோக நிமித்தம் டெல்லி, நாக்பூர், கல்கத்தா என்று பல ஊர்களில் குடியிருந்தேன். பாஷை மாறியது, ஒரு பழக்கம் மாறவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்குத் தனி டம்ளர். பால்கனி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நம் சமூகத்தில் மட்டும் உள்ள வழக்கமல்ல இது. ஆனால் நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

கேட்டால், "சுத்தத்துக்காக" என்பார்கள். நான் ரசாயனம் படித்தவன். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். மறுமுனை தண்ணீரோடு சேரும். குடித்தவர் யார் என்று அது பார்ப்பதில்லை. இருமிக்கொண்டே வரும் உறவினருக்கு நம் டம்ளரில்தானே காபி தருகிறோம்? அந்த டம்ளரைத் தேய்ப்பதும் அதே பெண்மணிதான். தேய்க்கலாம், குடிக்கக் கூடாது என்றால் அது சுத்தமல்ல, பேதம்.

"மடி, ஆசாரம்?" என்று கேட்கலாம். அனுஷ்டிப்பவர்கள் தாராளமாக அனுஷ்டிக்கட்டும். மடியாக இருக்கும் பாட்டி சொந்தப் பேரனையும் தொட மாட்டாள். தனி டம்ளரோ ஒருவரை மட்டும் ஒதுக்குகிறது.

ஒரு வீட்டில் நான்கு வயதுக் குழந்தை அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனது. பெரியவர்கள் பதறிப் பிடுங்கினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. மறுநாள் முதல் குழந்தை அதைத் தொடவில்லை. பேதம் இப்படித்தான், பாடம் நடத்தாமலே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

அரசியல் சாசனத்தின் 17வது ஷரத்து 1950லேயே தீண்டாமையை ஒழித்தது. 1955ல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்கும் முன்பே, 1939 ஜூலை 8 அன்று, மதுரை வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். சொந்த சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைச் சமாளித்துத்தான் செய்தார். அவர் பெயரைப் பெருமையாகச் சொல்லும் நமக்கு இந்தச் சின்னக் காரியம் கடினமா?

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு அடுக்குங்கள். உட்காரச் சொல்லிக் காபி கொடுங்கள். வடக்கே இருப்பவர்கள் 'தும்' என்பதை விட்டு 'ஆப்' என்று கூப்பிடுங்கள். வாரம் ஒரு நாள், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள்.

குழந்தைகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.