மலை ஏறினால் வீசிங் போயிடுமா?

குழந்தைக்கு வீசிங்னு சொன்னா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி உடனே சொல்வாங்க, "ஊட்டி பக்கம் கொஞ்ச நாள் வெச்சிருந்து பாருங்க, சரியாயிடும்." இன்னைக்கு அதைப் பத்திப் பேசுவோம்.

இந்த நம்பிக்கை சும்மா வந்தது இல்லை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ்னு ஒரு ஊர், 1,560 மீட்டர் உயரம். இத்தாலியில் மிசுரினா, சுமார் 1,750 மீட்டர். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகளை அங்கே மாதக்கணக்கில் தங்கவைத்து சிகிச்சை கொடுத்தார்கள். தூசி அலர்ஜி உள்ளவர்களுக்கு மூச்சு நல்லாவே சீரானது. ஆனா, கீழே இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு பலருக்கும் தொந்தரவு திரும்ப வந்தது.

ஏன்? முக்கியமான காரணம் அங்கே இருக்கிற காய்ந்த காற்று. நம்ம மெத்தை, தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் இருக்கு. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் அதுங்க வாழும். ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தா வற்றிச் செத்துடும். அதோட கழிவுதான் பல குழந்தைகளுக்கு அலர்ஜி.

இப்போ ஊட்டிக்கு வாங்க. 2,240 மீட்டர், டாவோஸை விட உயரம். ஆனா மழை மாசத்தில் துவைச்ச துணியே காயாது, சுவரெல்லாம் பூஞ்சை. குளிர்காற்றே சில குழந்தைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

அப்போ மலையிலேயே பிறந்து வளர்ற குழந்தை? குளிருக்கு ஜன்னலைச் சாத்திட்டு, விறகடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் புகை முழுக்க சின்ன நுரையீரலுக்குள்ளே போகுது. ராத்திரி இழுப்பு வந்தா நமக்கு ஆட்டோ கிடைக்கும். உள்ளே இருக்கிற ஒரு மலைக் கிராமத்தில் விடியும்வரை காத்திருக்கணும். அந்த நேரத்தில் கையில் இன்ஹேலர் இருக்கா இல்லையாங்கிறதுதான் விஷயமே. "பழகிடும், அடிமையாயிடும்"னு அதை ஒளிச்சு வைக்கிற வீடு ஊர்லயும் உண்டு, மலையிலயும் உண்டு. இன்ஹேலர் யாரையும் அடிமையாக்காது. மருந்து நேரா நுரையீரலுக்குப் போறதால குறைந்த அளவே போதும். சின்னக் குழந்தைக்கு ஸ்பேசர் வைத்துக் கொடுக்கலாம். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, இழுப்பு இல்லைன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

வீட்டை மாத்த வேண்டாம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைங்க. வீட்டுக்குள்ளே சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம். லீவுக்கு ஊட்டி போங்க, தாராளமா! பையில் இன்ஹேலர் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டுக் கிளம்புங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.