ஆறு வாரத்தில் விழுந்த பிரான்ஸ்



1940 மே 10-ம் தேதி ஹிட்லரின் படை பிரான்ஸ் மீது பாய்ந்தது. ஜூன் 14-ல் பாரிஸுக்குள் நுழைந்தது. 22-ல் பிரெஞ்சு சர்க்கார் பணிந்து கையெழுத்திட்டது. ஆறே வாரம்! முதல் யுத்தத்தில் நான்காண்டு தாக்குப்பிடித்த நாடு. டாங்கிகளும் ஜெர்மனிக்குக் குறைவில்லை.

தளபதிகள் மாஜினோ கோட்டை வரிசையை நம்பி, ஆர்டென் காட்டில் காவலைக் குறைத்தார்கள். எதிரி அந்த வழியாகவே வந்தான். உண்மைதான். ஆனால் நாம் இன்னும் பின்னே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் யுத்தத்தில் சுமார் 14 லட்சம் பேரை இழந்த மக்கள், யுத்தம் என்றாலே பதறினார்கள். அதை நாம் குறை சொல்ல மாட்டோம். 1934 பிப்ரவரி 6-ல் பாசிஸ்டுக் கும்பல்கள் பார்லிமெண்டைத் தாக்க வந்தன. ஆறாம் நாள் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தால் பதில் சொன்னார்கள். 1936-ல் மக்கள் முன்னணி வென்றது. ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரம் 40 மணி வேலையும் சம்பளத்தோடு இரண்டு வார லீவும் பெற்றார்கள். (அதே ஜூலை 30-ல் புதுச்சேரி மில் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பலி கொண்டதையும் நாம் மறக்கவில்லை.)

முதலாளிகள் பொறுப்பார்களா? பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். ஸ்பெயின் குடியரசுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது. 1938 செப்டம்பரில் பிரதமர் டலாடியர் மூனிச்சில் செக்கோஸ்லோவேகியாவைக் காவு கொடுத்தார். நவம்பரில் 40 மணி வேலையை உடைத்தார். எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். 1939 செப்டம்பரில், சோவியத்-ஜெர்மன் ஒப்பந்தத்தைக் காட்டிக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்தார். எல்லையில் ஹிட்லர், இவர்களோ சொந்தத் தொழிலாளியை வேட்டையாடினார்கள்.

தோல்விக்குப் பின் ஆட்சிக்கு வந்த மார்ஷல் பெத்தேன், அந்த ஆண்டே தொழிற்சங்க சம்மேளனத்தைக் கலைத்தார்.