களத்து நெல்லும் வருங்கால வாழ்வும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்யப்பட்ட பிரசங்கம்)



மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும் குடியானவருக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை வரும்படியின் அளவில் இல்லை. அது வந்து சேரும் காலத்தில் இருக்கிறது. சம்பளக்காரருக்கு வருஷத்தில் பன்னிரண்டு தடவை பணம் வருகிறது. ஒரு மாதம் கை சற்று நீண்டுவிட்டாலும் அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம். குடியானவருக்கோ வருஷத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் களம் நிறைகிறது. நெல் குவிந்து கிடக்கும் அந்தச் சில தினங்களில் அவர் செய்யும் தீர்மானமே மீதி மாதங்களின் வாழ்வை நிர்ணயிக்கிறது. அத்தீர்மானத்தையும் அவர் உடல் களைத்து, மனம் மகிழ்ந்து, வியாபாரியும் கடன் கொடுத்தவரும் உறவினரும் வாசலில் கூடியிருக்கும் வேளையிலேயே செய்யவேண்டியிருக்கிறது. இன்றைய வாழ்வுக்கு எவ்வளவு, நாளைய பாதுகாப்புக்கு எவ்வளவு என்ற பெரிய கேள்வி கிராமத்தில் எழுவது அந்தக் களத்து மேட்டில்தான்.

மூன்று ஏக்கர் நன்செய் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஏக்கர் ஒன்றுக்கு 60 கிலோ மூட்டை 30 வீதம், ஆக 90 மூட்டை கண்டது. வீட்டில் ஐந்து பேர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி 400 கிராம் அரிசி என்றால் வருஷத்துக்கு 730 கிலோ அரிசி வேண்டும். நெல்லை அரைத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகும். ஆகவே சாப்பாட்டுக்கு மாத்திரம் 18 மூட்டை ஒதுக்கவேண்டும். விதைக்கு 2 மூட்டை. உழவு, நடவு, களை, உரம், அறுவடை ஆகியவற்றுக்காகச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கட்டவும், கையிலிருந்து போட்டதை மீட்கவும் 58 மூட்டையின் கிரயம் போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி நிற்பது 12 மூட்டை. இத்தொகைகள் ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆயினும் கணக்கின் உருவம் பெரும்பாலும் இதுவே.

களத்தில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவது 90. உண்மையில் அவர் இஷ்டப்படி செலவு செய்யக்கூடியது 12. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே பல குடும்பங்களின் கஷ்டத்துக்கு மூலம். அறுவடையான இரண்டு மாதம் வரையில் 90 மூட்டையும் தம்முடையது என்ற நினைவிலேயே செலவு நடக்கிறது. சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும்கூட அறுவடைச் சமயத்து மலிந்த விலைக்குப் போய்விடுகின்றன. பிறகு ஆடி மாதத்தில் விதைக்கு அலைச்சல். ஐப்பசியில் அரிசிக்குக் கைமாற்று. தை மாதத்தில் விற்றதையே கூடுதல் விலைக்கு வாங்கும் இந்த வழக்கத்தில் ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கும் விதைக்கும் உரியதைக் களத்திலேயே பிரித்து வைக்காததுதான் குறை. முற்காலத்தில் வீடுதோறும் குதிரும் பத்தாயமும் இருந்தன. அவை நெல் வைக்கும் பாத்திரங்கள் மாத்திரமல்ல. இது தொடக்கூடாதது, இது தொடலாம் என்று வீட்டாருக்குக் காட்டும் கணக்குப் புத்தகங்களாகவும் இருந்தன.

மீதியுள்ள 12 மூட்டையில் துணிமணி, பள்ளிக்கூடச் செலவு, வைத்தியம், பண்டிகை, மொய் எல்லாம் அடங்கவேண்டும். இதில் சேமிப்புக்கு இடம் எங்கே என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். பாதியைச் சேமிக்கவேண்டும் என்று உபதேசிப்பது சுலபம். அதைக் கேட்டு நடக்கக்கூடிய குடும்பம் அபூர்வம். இரண்டு மூட்டைக் கிரயத்தைச் சங்கத்தில் வைப்பாகப் போட்டு வந்தால் போதும். ஐந்து வருஷத்தில் வட்டி நீங்கலாகவே அது 10 மூட்டைக்குச் சமமாகும். வருஷச் சாப்பாட்டுக்கு 18 மூட்டை வேண்டிய வீட்டில் 10 மூட்டை என்பது ஆறரை மாத ஆகாரம். ஒரு போகம் வெள்ளத்தில் போனாலும் நிலத்தை அடகு வைக்காமல் அடுத்த போகம் வரையில் தாங்குவதற்கு அதுவே பெரும்பாலும் வழி காட்டிவிடும்.

இனி மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டில் கறவை மாடு இருக்கிறது. காலையும் மாலையும் பால் முழுவதும் விற்பனைக்குப் போகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அரைக் குவளைகூட நிற்பதில்லை. அந்தப் பணம் குழந்தையின் பிற்காலத்துக்காகச் சேர்க்கப்படுகிறது என்று தாய் தந்தையர் நம்புகிறார்கள். ஆனால் மூன்று வயதில் வளரவேண்டிய உடலுக்கு வேண்டியதைப் பதினைந்து வயதில் வட்டியோடு கொடுத்தாலும் அது ஈடாகாது. அப்படியே, பல்வலிக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியம் பார்க்காமல் மிச்சம் பிடிப்பதும், வயது வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அவளுடைய கலியாணத்துக்குப் பணம் சேர்ப்பதும் சேமிப்பாகா. தள்ளிவைக்கக்கூடிய செலவு, தள்ளிவைக்க முடியாத செலவு என்று பிரித்துப் பார்த்தால் குழந்தைகளின் ஆகாரமும் கல்வியும் இரண்டாவது வகையில் முதலிடம் பெறும். மொய்யும் பந்தலும் வாணவேடிக்கையும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஊர் வழக்கத்தில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதை யாவரும் அறிவார்கள்.

கூட்டுறவு இயக்கம் பிறந்த விதமே இவ்விஷயத்தில் ஒரு பாடம். 1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப் பிரதேசத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது வையர்புஷ் என்ற கிராமத் தொகுதியின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் பிரடெரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன். வசதியுள்ளவர்களைச் சேர்த்து அவர் ஒரு ரொட்டிச் சங்கம் அமைத்து, ஊரிலேயே அடுப்புக் கட்டி, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கடனாக ரொட்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகே விதை வாங்கும் முயற்சி நடந்தது. பசித்தவனிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் ரொட்டியைக் கொடுத்ததும், ரொட்டியோடு நின்றுவிடாமல் விதைக்கு வழி தேடியதும் கவனிக்கத்தக்கவை. வசதியுள்ளவர்களின் தருமத்தை மாத்திரம் நம்பினால் சங்கம் நிலைக்காது என்பதையும் அவர் அனுபவத்தில் கண்டார். 1864-ம் வருஷம் ஹெடஸ்டார்ப் என்ற ஊரில் அவர் அமைத்த கடன் சங்கத்தில் கடன் வாங்குபவர்களே அங்கத்தினர்களாக இருந்தார்கள். அவருடைய சங்கங்களின் சேமநிதி பங்கிட முடியாதது. எந்த அங்கத்தினரும் தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக இயலாது. பாட்டன் போட்ட தொகை பேரனுக்கும், பேரன் இல்லாதவர் போட்டது ஊரார் பேரனுக்கும் உதவும்படியான ஏற்பாடு அது.

சென்னை ராஜதானியிலிருந்து பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பாவுக்குச் சென்று இச்சங்கங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள் 1895-லும் 1897-லும் வெளிவந்தன. 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், அக்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் இந்த ராஜதானியின் முதல் கிராம நாணய சங்கம் பதிவாயிற்று.

ஆனால் சங்கங்கள் ஏற்பட்டதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு தானிய விலை உயர்ந்திருந்த வருஷங்களில் பல குடியானவர்கள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். அது குடித்துக் கெட்ட பணம் அல்ல. பிள்ளைகளின் பிற்காலத்தை எண்ணி வாங்கிய கடன். 1929-ம் வருஷக் கடைசியில் உலக மந்தம் தொடங்கிற்று. சில வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கடன் பத்திரத்தில் எழுதிய ரூபாயோ ஒரு காசும் குறையவில்லை. அதாவது ஒரு மூட்டை விற்றுக் கட்டவேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை விற்கவேண்டியதாயிற்று. சங்கங்களிலும் தவணை தவறிய பாக்கி குவிந்தது. கடன் பளுவைக் குறைப்பதற்காக 1938-ம் வருஷம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. வருங்காலத்துக்காகவே கடன் வாங்கி, நிகழ்காலத்தையும் வருங்காலத்தையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் அந்த வருஷங்களில் பல.

கடன் கொடுத்தவர்கள் கதியும் மேலானதல்ல. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-ம் வருஷம் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம். 1938-ல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் நிலம் வேண்டி அங்கு போனவர்கள் அல்லர். ரொக்கம் திரும்பாததால் நிலம் வந்து சேர்ந்தது. 1942-ல் யுத்தம் அங்கே பரவியது. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. சிக்கனத்துக்குப் பேர்போன சமூகத்தாரின் முதல் ஒரே தேசத்தில், ஒரே பயிரை நம்பிப் போடப்பட்டிருந்தமையால் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று.

ஆகவே எவ்வளவு சேமிப்பது என்பதைப் போலவே எந்த உருவத்தில் சேமிப்பது, எவ்வளவு காலக் கடன் வாங்குவது என்பவையும் யோசிக்கத்தக்கவை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அந்தப் போகத்திலேயே திரும்பக்கூடும். கிணறு வெட்டிய செலவு பல வருஷங்களில்தான் திரும்பும். குறுகிய தவணைக் கடனில் கிணறு வெட்டினால், தண்ணீர் வருவதற்கு முன் தவணை வந்துவிடும். இதற்காகவே நீண்ட தவணைக்கென்று சென்னையில் 1929-ல் மத்திய நில அடமான பாங்கி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2006-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியானது உண்மை. எனினும் அதை எண்ணித் தவணையைத் தவறவிடுவது மழையை நம்பி மடையை உடைப்பது போன்றது.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. படித்தவர்கள் அதை இகழ்வதுண்டு. அந்த இகழ்ச்சிக்கு ஆதாரம் குறைவு. இன்று அணியவும் நாளை அடகு வைக்கவும் பயன்படும் பொருள் வேறில்லை. சங்கத்தின் நகைக்கடன் நள்ளிரவு வைத்தியத்துக்கும் உதவியிருக்கிறது. ஆனால் செய்கூலியும் சேதாரமுமாகக் கொடுத்தது விற்கும்போது திரும்பாது. பழைய நகையை அடிக்கடி மாற்றிப் புது மோஸ்தரில் செய்துகொள்ளும் வீட்டில் தங்கம் வருஷந்தோறும் தேய்கிறது.

சங்கத்தில் போடும் வைப்புத்தொகை பத்திரமா என்பது அங்கத்தினர்கள் கேட்கவேண்டிய கேள்வி. பாங்கிகளில் போட்ட தொகைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை. கூட்டுறவு பாங்கிகளும் அதில் அடங்கும். ஆனால் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதில் அடங்காது. அங்கே வைப்புக்குப் பாதுகாப்பு, கடன் வாங்கியவர்களின் நாணயமும் கணக்கின் ஒழுங்கும் சேமநிதியுமே. பொதுக்கூட்டத்துக்கு வந்து, தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தவணை கடந்த பாக்கி எவ்வளவு என்று விசாரிப்பதை மரியாதைக் குறைவாக எவரும் எண்ணவேண்டியதில்லை. அப்படி விசாரிப்பவர் தம் இரண்டு மூட்டைக்குத் தாமே காவல் இருக்கிறார்.

நடைமுறையில், நெல் விற்ற பணம் வீட்டுக்கு வந்தபின் சேமிப்பது கடினம். விற்ற அன்றே இரண்டு மூட்டைக் கிரயத்தை வைப்புக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. நிலமில்லாத கூலி அங்கத்தினர்களுக்குக் களம் என்பதே இல்லை. அவர்களுக்குக் கூலி கிடைக்கும் வாரங்களில் சிறு தொகையாக, வீட்டுக்கே சென்று வாங்குவதே பொருத்தம். அடைமழைக் காலத்திலும், நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட வேலையில்லாத வாரங்களிலும் அவர்களிடம் கேட்கவேண்டியதில்லை. அவ்வாரங்களுக்கு அபராதமும் விதிக்காமல், கணக்கை அப்படியே நிறுத்திவைத்து, வேலை தொடங்கிய வாரத்திலிருந்து மறுபடியும் வசூலிக்கும்படி நிர்வாகிகள் தீர்மானம் செய்துகொள்ளலாம்.