உழைப்பும் இருப்பும்: மின்கலத்தின் மூப்பைக் கணித்தல்



சிம்பாங் அம்பாட்டில் நம் இல்லத்திற்கு வந்த உறவினர் ஒருவர், பழைய மின்மகிழுந்து ஒன்றை விலைபேசியிருப்பதாகக் கூறி, "இதன் பேட்டரி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும்?" என வினவினார். மொழியியலே நம் துறை, மின்வேதியியல் அன்று. ஆயினும் 'உழைக்கும்' என்னும் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. செருப்பு உழைக்கும், குடை உழைக்கும் என்பது நம் வழக்கு. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் பொருளுக்கே அச்சொல் பொருந்தும். லித்தியம் அயனி மின்கலமோ உழைத்தாலும் மூப்படையும். வாளா இருந்தாலும் மூப்படையும்.

மின்கலத்தினுள் கிராஃபைட் முனையின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது முனையைக் காப்பதே. எனினும் வளருந்தோறும் சிறிதளவு லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. வெப்பமும் நிறைந்த மின்னேற்றமும் அவ்வளர்ச்சியை விரைவுபடுத்தும். வண்டி நின்றிருக்கும்போதும் நிகழும் இதனை 'இருப்பு மூப்பு' எனலாம். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மின்முனைத் துகள்கள் விரிந்து சுருங்கி விரிசலுறுவதை 'உழைப்பு மூப்பு' எனலாம். ஆண்டு முழுதும் வெப்பம் நிலவும் பினாங்கில், ஓடிய தொலைவை மட்டும் பார்த்து வண்டி வாங்குவோர் ஏமாறக்கூடும்.

தேய்வைக் கணிக்கும் முயற்சி நம் துறையிலும் நிகழ்ந்ததுண்டு. எம்மொழியும் ஆயிரம் ஆண்டில் நூறு அடிப்படைச் சொற்களுள் ஏறத்தாழ 86ஐக் காத்துக்கொள்ளும் எனக் கொண்டு, மொழிகள் பிரிந்த காலத்தை மாரிஸ் சுவாதேஷ் 1950களில் கணக்கிட்டார். ஐஸ்லாந்து மொழி அதனினும் மிகுதியாகக் காத்திருப்பதை 1962இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தேய்வு எங்கும் ஒரே சீரானது என்னும் கொள்கை தளர்ந்தது. மின்கலத்தின் கொள்திறனும் நெடுநாள் மெல்லக் குறைந்து, பின்னர்த் திடீரெனச் சரிவதுண்டு. நேர்கோடு வரைந்து அதன் வருங்காலத்தைச் சொல்லுதல் இயலாது.

ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் அறிஞர்கள் 2019இல் வேறு வழி கண்டனர். ஒரே வகை மின்கலங்கள் 124ஐ வெவ்வேறு முறைகளில் விரைவாக மின்னேற்றிச் சோதித்தனர். சில 150 சுற்றுகளில் ஓய்ந்தன. சில 2300 சுற்றுகள்வரை உழைத்தன. முதல் 100 சுற்றுகளில் கொள்திறனைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. ஆயின் மின்னிறக்கத்தின்போது மின்னழுத்தம் காட்டும் வளைகோட்டில் நுண்ணிய மாற்றம் இருந்தது. அதனைக் கொண்டு ஆயுளை ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் பிழையளவில் முன்னுரைத்தனர்.

இங்கே இரண்டை மறத்தல் ஆகாது. ஒன்று, அச்சோதனை உழைப்பு மூப்பையே பெரிதும் அளந்தது. பல்லாண்டு வெயிலில் நின்ற வண்டியின் இருப்பு மூப்பை அன்று. மற்றொன்று, அங்கு 'ஆயுள்' என்றது கொள்திறன் 80 விழுக்காடாகக் குறையும் வரையுள்ள காலம். அஃது இறப்பன்று. அத்தகைய மின்கலம் வீட்டில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்க உதவக்கூடும். 'ஆயுள் முடிந்தது' என்னும் சொல்லை நம்பி அதனை எறிந்துவிடுதல் பொருளிழப்பே. கலைச்சொல் தொகுப்போர் 'பயன் எல்லை' என வழங்குவாராயின் இம்மயக்கம் நீங்கும்.

உறவினரிடம் இரண்டு வினாக்களைக் கேட்டுவரச் சொன்னோம்: வண்டி எத்தனை ஆண்டு, எத்தகைய இடத்தில் நின்றது? இன்று அளந்தறிந்த கொள்திறன் எவ்வளவு? விடை கிடைத்த பின்னரே முன்பணம் தருவதாகக் கூறி அவர் விடைபெற்றார்.