பதவி, விதி, தலைப்பாகை

இந்தியத் தரைப்படையில் இன்று வழங்கும் பதவிப் பெயர்கள் இரு வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை. லெப்டினன்ட், கேப்டன், கர்னல் என்னும் அதிகாரிகளின் பெயர்கள் ஆங்கிலேயரோடு வந்தவை. சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்பவையோ இந்நாட்டு அரசுகளின் படைகளிலும் ஆட்சி அலுவல்களிலும் அதற்கு முன்பே புழங்கியவை. சிப்பாய் என்பது படைவீரரைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஹவில்தார் என்பது 'ஒப்படைத்தல்' என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லை அடியாகக் கொண்டு, ஒரு பொறுப்பை ஏற்றவர் எனப் பொருள்படுவது. சுபேதார் முகலாயர் ஆட்சியில் ஒரு சுபாவை, அதாவது ஒரு மாகாணத்தையே நிர்வகித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அந்தப் பெரும்பட்டம் நூறு சிப்பாய்களுக்குத் தலைவர் என்ற அளவுக்குச் சுருங்கியது. திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நாயக்க மன்னர்களின் பட்டமும், சட்டைக் கையில் இரண்டு பட்டையோடு நிற்கும் நாயக்கின் பதவியும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. மாவட்ட ஆட்சியருக்கு முன்னே நடந்து செல்லும் டபேதாரின் பெயரும் குதிரைப்படையில் ஹவில்தாருக்கு நிகரானவரின் பெயரே. குதிரைகள் போய்விட்டன, பெயர் ஆட்சியர் அலுவலகத்தில் தங்கிவிட்டது.

சட்டையின் மேற்கையில் ஒரு பட்டை இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற மூவர் உள்ளனர்; சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து தோளில் நட்சத்திரமோ சிங்கமுகச் சின்னமோ பெற்ற இவர்களை வீரர்கள் 'சாகிப்' என்று அழைப்பர். நாயப் சுபேதார் என்ற பெயர் 1965 வரை ஜமேதார் என்றே இருந்தது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைக்கும் இந்த இடைநிலை ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, மணப்பாறை வழியாகச் சென்ற ஒரு படையைப் பார்ப்பது உதவும்.

1755 பிப்ரவரியில் கர்னல் ஹெரான் என்பவரின் தலைமையில் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பாளையக்காரர்களிடம் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கப்பம் வசூலிக்கத் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டனர். நவாப் முகமது அலியும் உடன் வந்தார். சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்தவர், மருதநாயகம் என்ற பெயராலும் அறியப்படும் யூசுப் கான். படை மணப்பாறையில் தங்கியபோது சுற்றிலுமிருந்த பாளையக்காரர்களின் ஆட்கள் வந்து கப்பம் பேசினர். லட்சுமி நாயக்கன் என்ற பாளையக்காரர் மட்டும் இணங்காததால் படை அவருடைய சீமைக்குள் புகுந்தது. அதுவரை நடந்ததில் புதுமை ஒன்றும் இல்லை. மதுரைக்கு அப்பால் கள்ளர் நாட்டுக் கோயில் ஒன்றிலிருந்து தெய்வத் திருமேனிகளைப் படையினர் எடுத்துச் சென்றதும், அவற்றைத் திருப்பித் தர ஹெரான் 5,000 ரூபாய் கேட்டதும்தான் செய்தியின் மையம்.

அதே ஆண்டு மே மாத இறுதியில் அந்தப் படை நத்தம் கணவாயின் ஒடுங்கிய காட்டுவழியில் திரும்பியது. அப்போது வெடிமருந்தும் தளவாடமும் ஏற்றிய கனத்த வண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. மாடுகள் இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. முன்னே சென்ற அணிகளை நிறுத்த எவரும் ஆணையிடாததால் அவை நெடுந்தூரம் போய்விட, பின்னே வந்தவர்கள் அந்த ஒற்றை வண்டிக்குப் பின்னால் அடைபட்டு நின்றனர். காட்டிலிருந்து பாய்ந்த கள்ளர்கள் ஈட்டிகளால் தாக்கி, மூட்டைகளுக்குள் இருந்த தங்கள் சாமிகளைக் கண்டெடுத்து மீட்டுச் சென்றதை, அக்காலப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் பேர்போன மணப்பாறைச் சந்தையை அறிந்தவர்களுக்கு, எத்தனை பாரத்துக்கு எத்தனை சோடி பூட்டுவது என்பது சொல்லித் தெரியவேண்டிய கணக்கல்ல. கர்னல் பதவி அந்தக் கணக்கைக் கற்றுத் தரவில்லை. ஹெரானைச் சென்னையில் இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி என்று தீர்த்தது. கம்பெனியின் பணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார்.

விதி மேலதிகாரியையும் தொடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் விதியை எழுதும் இடத்தில் இருப்பவர் அன்றாடப் பொருளின் பொருளை அறியாதபோது என்ன நேரும் என்பதற்கு வேலூர் இன்னும் கடுமையான சான்று. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் புதிய தலைப்பாகை ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. அதன் முகப்புக் குஞ்சம் தோலால் ஆனது. அணிவகுப்பில் திருநீறும் நாமமும் காதுக் கடுக்கனும் கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் விதிகள் வந்தன. ஒழுங்கு என்று தலைமையகம் கருதியதை மதத்தின்மேல் கைவைப்பு என்று சிப்பாய்கள் கருதினர். மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த கில்லெஸ்பி என்ற அதிகாரி அன்றே அதை இரத்தத்தில் அடக்கினார். அதன்பின் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். சுபேதார்களின் காதில் விழுந்த முணுமுணுப்பு கர்னல்களின் காதை எட்டியிருந்தால் இவ்வளவு உயிர் போயிருக்குமா என்ற கேள்வி வரலாற்றாசிரியர்களை இன்றும் விடுவதில்லை.

இன்றைய சிப்பாய்க்குத் தலைப்பாகையை விடத் துப்பாக்கியே நெருக்கமான பொருள். திருச்சிராப்பள்ளியில் 1966-இல் நிறுவப்பட்டு, ஊரார் 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றே அழைக்கும் படைக்கலத் தொழிற்சாலையில் உருவான துப்பாக்கிகளுள் இன்சாஸ் ஒன்று. 5.56 மில்லிமீட்டர் குண்டைச் சுடும் அதன் இருபது குண்டுக் கூடு ஒளி ஊடுருவும் பொருளால் ஆனதால், எத்தனை குண்டு மிச்சம் என்பதைக் கழற்றாமலே பார்த்துக்கொள்ளலாம். படைப்பிரிவில் துப்பாக்கிகள் 'கோத்' எனப்படும் ஆயுத அறையில் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கட்டையிலும் ஓர் எண் உண்டு. அந்தப் 'பட் நம்பரை'ச் சொல்லிக் கையெழுத்திட்டு வாங்கும் சிப்பாய், அதைத் தன் பெயரைப்போல் நினைவில் வைத்திருக்க வேண்டும். சுட்டு முடித்ததும், ஒரு முனையில் துணித்துண்டு கோத்த 'புல் த்ரூ' என்னும் கயிற்றைக் குழலின் வழியே இழுத்துக் கரியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, வெளிச்சத்தை நோக்கிக் குழலை உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே கண்ணை வைத்துப் பார்ப்பவர் ஹவில்தார்.

இந்தச் சிறு சடங்கின் பின்னால் 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் நிற்கிறது. பயன்பாட்டுக்குத் தரப்பட்ட ஆயுதத்தையோ உடையையோ கருவியையோ விற்றோ வேறு வகையிலோ கைமாற்றினால் அதன் 54-ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கவனக்குறைவால் தொலைப்பதும் அதே பிரிவில் குற்றம்தான், அதற்கு ஐந்து ஆண்டு வரை. துப்பாக்கிக்கும் இடுப்புப் பட்டைக்கும் சட்டம் ஒரே வாக்கியத்தில் இடம் தருகிறது. பணி முடிந்து ஊர் திரும்புகிறவர் இவை அனைத்தையும் எண்ணி ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் பெற்ற பின்பே வாயிலைக் கடக்க முடியும்; பட்டையும் நட்சத்திரமும் பெட்டிக்குள் போய்விட, சுபேதார் என்ற சொல் மட்டும் அவரோடு மணப்பாறைப் பேருந்தில் ஏறி வருகிறது.