தனி ஆளும் பெரிய வித்தையும்



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமானது, உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக மேடை ஏறும் வித்தைக்காரன் ஒருவன், கொஞ்சப் பணத்தில் எந்தப் பெரிய வித்தையைச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலருக்கு, “இதற்கும் ஒரு கூட்டமா?” என்று தோன்றலாம். ஆனால் இதில் ஏழைகளின் பணமும் உயிரும் அடங்கியிருக்கின்றன. கைக்குட்டை, நாணயம், கயிறு இவைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு ஒரு நாள், “பின் வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை” என்கின்ற குறை காதில் விழுகின்றது. உடனே பெரிய பெட்டி ஒன்று வேண்டும் என்கின்ற ஆசை வந்துவிடுகின்றது. வீட்டிலிருக்கும் நகையை அடகு வைத்துப் பெட்டி வாங்குகின்றான். இரண்டு தடவை மேடை ஏறிய பிறகு அந்தப் பெட்டி மாட்டுக் கொட்டகையில் கிடக்கின்றது. அடகுக்கு வட்டி மாத்திரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. இப்படி நேராமல் இருக்க வேண்டுமானால் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

முதலாவதாக, பெரிய வித்தை என்றால் என்ன? பெட்டி பெரியதாய் இருப்பதாலேயே வித்தை பெரியதாகிவிடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும், அப்பன் தோள்மேல் இருக்கும் குழந்தைக்கும் என்ன நடந்தது என்று தெரிந்தால் அது பெரிய வித்தை. மேடையில் அவ்வளவு தூரம் தெரியக்கூடிய சாமான் மனித உடலேயாகும். அந்த உடல் வித்தைக்காரனிடத்தில் ஏற்கனவே இருக்கின்றது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொரு வித்தையையும் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். எத்தனை ஆள் வேண்டும்? ஜனங்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள்? தவறினால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் தூக்கிக்கொண்டு போக என்ன செலவு?

ஆள் கணக்கைப் பார்ப்போம். பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுக்கும் வித்தையை 1921ல் லண்டனில் செல்பிட் என்பவர் மேடையில் காட்டினார். 1956ல் நம் நாட்டு பி.சி. சர்க்கார் லண்டன் பி.பி.சி. டெலிவிஷனில் பெண்ணை அறுக்கும் வித்தையைக் காட்டியபோது, நிகழ்ச்சி சட்டென்று முடிந்துபோனதால், உண்மையாகவே ஒரு பெண் செத்துவிட்டாளோ என்று ஜனங்கள் டெலிபோன் மேல் டெலிபோன் செய்தார்கள். அவ்வளவு பெயர் பெற்ற வித்தை அது. ஆனால் அதற்குப் பெட்டி வேண்டும், வண்டி வேண்டும், பழகிய பெண் வேண்டும், பெட்டியைத் தள்ள ஆட்கள் வேண்டும். தனி ஆளுக்கு அது ஆகாது. அன்றியும் ஒன்று சொல்லுகின்றேன். இப்படிப்பட்ட பெட்டி வித்தைகளில் பெரும்பாலும் உடலைச் சுருக்கி ஒடுங்கிக் கிடந்து கஷ்டமான பாகத்தைச் செய்பவள் உள்ளே இருக்கும் பெண். கைதட்டலை வாங்குபவன் வெளியே நிற்கும் ஆண். அவள் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஜனங்கள் உட்காரும் பக்கம். 1862ல் லண்டன் பாலிடெக்னிக் கட்டடத்தில் பெப்பர் என்பவர் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடித் தகட்டின் உதவியால் மேடையில் பேய் நடமாடுவதுபோல் காட்டினார். 1865ல் ஸ்டோடேர் என்பவர் மேஜைமேல் உடலில்லாத தலை பேசுவதாகக் காட்டினார். மேஜைக் கால்களுக்கு நடுவில் நிலைக்கண்ணாடிகள் இருந்தன; அவை பக்கத்துத் திரையைக் காட்டியதால், மேஜைக்கு அடியில் ஒன்றுமில்லை என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். இரண்டும் நல்ல மூளை வேலைதான். ஆனால் அவை நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில், வெளிச்சம் கைக்குள் அடங்கிய இடத்தில், எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நடக்கக்கூடியவை. நம் ஊர் மேடையோ திறந்த வெளியில் இருக்கின்றது. மூன்று பக்கம் ஜனங்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் பிள்ளைகள் ஏறி நிற்கிறார்கள். போதாததற்கு ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். கண்ணாடி வித்தை அங்கே ஐந்து நிமிஷம் நிற்காது. நிற்பதற்கு முன்பே லாரியில் உடைந்து போகும்.

மூன்றாவது, அபாயம். துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தைக்குப் பெரிய பெட்டியும் வேண்டாம், திரையும் வேண்டாம். ஆகவே சாமான் செலவு குறைவு என்று சிலருக்கு அதன்மேல் ஆசை. சுங் லிங் சூ என்று சீனப் பெயர் வைத்துக்கொண்டு ஆடிய ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1918 மார்ச்சு மாதம் லண்டன் மேடையில் அந்த வித்தையைச் செய்தபோது, துப்பாக்கிக்குள் இருந்த இரகசிய அமைப்பு பழுதாகி, குண்டு உண்மையாகவே பாய்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். வருஷக்கணக்காய்ச் செய்து பழகியவருக்கே அந்தக் கதி. நெருப்பு, தண்ணீர்த் தொட்டி, துப்பாக்கி இம்மூன்றையும் தனி ஆள் தொடவே கூடாது. ஏனென்றால், தவறிவிட்டால் ஓடிவந்து திறந்துவிட மேடையில் இரண்டாவது ஆள் கிடையாது.

நான்காவது, தூக்குக் கூலி. பெட்டியின் விலையை மாத்திரம் கேட்கிறார்கள். வண்டி வாடகையைக் கேட்பதில்லை. பெட்டி முப்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுபோக ஒரு தடவைக்கு மூவாயிரம் வாடகை என்றால், பத்துத் தடவையில் இன்னொரு பெட்டியின் விலை ரோட்டில் போய்விடுகின்றது. ஆகவே பஸ்ஸின் மேலேயோ, ஆட்டோவிலோ, ஒரு ஆள் தூக்கி வைக்கக்கூடிய துண்டு துண்டாய்ப் பிரியாத எந்தச் சாமானும் தனி ஆளுக்குக் குறைந்த விலைச் சாமான் ஆகாது.

நிற்க, இந்த நான்கு கேள்விக்கும் தாக்குப் பிடிக்கும் வித்தை எது என்று கேட்பீர்களானால், ஒரு கையில் கோலைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் உட்காரும் வித்தை என்று சொல்லுவேன். இது நம் சென்னைக்கே சொந்தமான சங்கதி. 1830களின் தொடக்கத்தில் சேஷால் என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் எழுதிய பிராமணர் ஒருவர் சென்னையில் இதைச் செய்து காட்டினார். கால் வைத்த ஒரு பலகை, அதில் நட்ட மூங்கில், மூங்கிலின்மேல் சுருட்டி வைத்த தோல், அந்தத் தோலின்மேல் கை. உடல் தரைக்குமேல் சம்மணமிட்டு நின்றது. பார்த்த வெள்ளைக்காரர்கள், இவர் காற்றில் உட்காருகிறார் என்று சீமைக்கு எழுதினார்கள். மூங்கிலுக்குள்ளும், தோலுக்குள்ளும், சட்டைக் கைக்குள்ளும் இரும்பு ஓடி உடலைத் தாங்குகின்றது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

பிறகு 1847ல் பாரிசில் ராபர்ட் ஹூடான் என்பவர், ஈதர் என்னும் மயக்க மருந்தின் சக்தியால் என் மகன் காற்றைப்போல் லேசாகிவிட்டான் என்று சொல்லி, முழங்கையை ஒரு கோலில் ஊன்றியபடி பையனை அந்தரத்தில் படுக்க வைத்தார். அந்தச் சமயத்தில் ஈதர் புதிது. ஊரெல்லாம் அதே பேச்சு. தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! சென்னையில் அது யோக மகிமை. பாரிசில் அது மருந்தின் மகிமை. இரண்டு இடத்திலும் தாங்கியது இரும்பு. எந்தக் காலத்தில் ஜனங்கள் எதைக் கண்டு வாய் பிளக்கிறார்களோ அந்தக் கதை இரும்பின்மேல் போர்த்தப்படுகின்றது.

இதைத் தனி ஆள் செய்துகொள்ளும் விதம் என்ன? அடியில் ஒரு கனத்த இரும்புத் தகடு. அதன்மேல் ஒரு ஜமக்காளம். தகட்டில் நட்ட எஃகுக் கம்பிதான் ஜனங்கள் பார்க்கும் கோல். கோலின் மேல்முனையிலிருந்து ஒரு கை பிரிந்து, ஜிப்பாக் கைக்குள் நுழைந்து, முதுகுப் பக்கமாய் இறங்கி, உட்காரும் பலகையாய் முடிகின்றது. தகடு கோலுக்கு அடியில் மாத்திரம் இருந்தால் போதாது. உட்காருகிறவனுக்கு நேர் கீழேயும் அவனைத் தாண்டியும் நீண்டிருக்க வேண்டும். உடலின் பாரம் தகட்டின் எல்லைக்குள் விழுந்தால் சாயாது. எல்லைக்கு வெளியே விழுந்தால் மந்திரம் சொன்னாலும் நிற்காது. 60 கிலோ ஆள் கோலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கோலின் அடிமூட்டில் விழும் முறுக்கமானது, இரண்டு மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் 12 கிலோவைக் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். ஆகவே அந்த மூட்டில் சிக்கனம் பார்க்கக்கூடாது. தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரரிடம், இது ஆள் உட்காரும் சாமான் என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். முடிந்தவுடன் நீங்கள் ஏறாதீர்கள். உங்கள் எடையைப்போல் இரண்டு மடங்கு மணல் மூட்டையை ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பலகை நாற்காலி உயரத்திற்குமேல் போக வேண்டாம். அந்த உயரத்தில் தானாகவே உட்கார்ந்து காலை மடக்கிக்கொள்ளலாம். முக்காலியும் வேண்டாம், அதை எடுக்க ஆளும் வேண்டாம். விழுந்தாலும் பெரிய காயம் இராது. மேடையே உயரமாய் இருப்பதால் பின் வரிசைக்கும் இடைவெளி நன்றாய்த் தெரியும். ஏறி உட்காரும் வரையில் ஒரு திரை போதும். அதன் கயிற்றைப் பக்கத்தில் இருக்கும் யாரும் இழுத்துவிடலாம். ஜிப்பாவின் கீழ் மடிப்பில் சிறு பாரம் தைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று வந்து உங்களுக்கு முன்பே இரகசியத்தைச் சொல்லிவிடும்.

இதில் ஒரு குறை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். ஏறி உட்கார்ந்த பிறகு ஆள் அசைய முடியாது. வேறு வித்தைக்காரனுக்கு இது பெரிய குறை. பேசத் தெரிந்தவனுக்கோ இதுவே பெரிய சௌகரியம். அந்தரத்தில் உட்கார்ந்தபடி கால் மணி நேரம் பேசலாம். ஒருவர்கூட எழுந்து போகமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பணமில்லை என்பவர்களுக்குக் கயிறும் ஒரு மறைப்புத் திரையுமே போதும். டாவன்போர்ட் சகோதரர்கள் என்னும் அமெரிக்கர்கள் தங்களைக் கயிற்றால் கட்டி அலமாரிக்குள் வைக்கச் செய்து, உள்ளே ஆவிகள் வந்து மணி அடிப்பதாகக் காட்டி வந்தார்கள். 1865ல் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் ஊரில் மஸ்கெலின் என்னும் இளைஞர், உள்ளே தற்செயலாய் வெளிச்சம் பாய்ந்தபோது கட்டவிழ்ந்த கையைப் பார்த்துவிட்டார். ஆவி இல்லாமலே நானும் செய்வேன் என்று கிளம்பிச் செய்தும் காட்டினார். கட்டை அவிழ்த்துக்கொண்டு திரும்ப மாட்டிக்கொள்ளப் பழகவேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்க்காரரே வந்து கட்டுவதால் கூட்டத்திற்கு அது தங்கள் காரியமாகிவிடும்.

கடைசியாக முக்கியமான சங்கதி. 1856ல் பிரெஞ்சு சர்க்கார் மேற்படி ராபர்ட் ஹூடானை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் ஒரு பலசாலியை அழைத்து, உன் பலத்தைப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்லி, சிறு பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் செய்தார். மேடைக்கு அடியில் இருந்தது மின்சாரக் காந்தம். அங்குள்ள சாமியார்களின் செல்வாக்கைக் குறைக்க இதைச் செய்ததாகச் சொன்னார்கள். இவை வித்தையே என்று பின்னால் சொல்லவும் செய்தார்கள். ஆனால் முதலில் அந்த ஜனங்களுக்கு ஏற்பட்டது அறிவா, பயமா? சாமியாரைக் கண்டு பயந்தவனை வெள்ளைக்காரனைக் கண்டு பயப்படச் செய்தால் அவனுக்கு என்ன லாபம்?

ஆகவே அந்தரத்தில் உட்காருகிறவன், இறங்குவதற்கு முன் தன் வாயாலேயே, “இது வித்தை, என்னிடத்தில் எந்தச் சக்தியும் இல்லை” என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இறங்கினால் மறுநாள் காலையில் வாசலில் தேங்காய் பழத்தோடு நாலு பேர் நிற்பார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல், பசியோடிருக்கும் எல்லோருக்கும் இருக்கும் என்று நான் நம்பத் தயாராயில்லை. உங்கள் சொந்தச் சாமானாயிருந்தால் சட்டைக் கையைத் தூக்கி இரும்பையும் காட்டுங்கள். அதைப் பார்க்கும்போது ஜனங்கள் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அது முன்பு தட்டிய கைதட்டலைவிடப் பெரியது. ஆனால் தெருவில் வித்தை காட்டி வயிறு வளர்க்கும் ஏழைகளின் இரகசியத்தை மாத்திரம் உடைக்காதீர்கள். வித்தை என்று சொல்லியே செய்கிறவன் யாரையும் ஏமாற்றவில்லை.

தோழர்களே! கடன் வாங்காமல் செய்யக்கூடியதும், ஒரு ஆள் தூக்கக்கூடியதும், முடிவில் உண்மையைச் சொல்லக்கூடியதுமான வித்தை எதுவோ அதுவே தனி ஆளுக்குப் பெரிய வித்தையாகும். நான் சொன்னதற்காக ஒப்புக்கொள்ளாமல், உங்கள் சொந்தப் புத்தியைக்கொண்டு கணக்குப் பார்த்து, சரி என்று பட்டால் செய்யுங்கள்.